தாள் போடுகிறவன்

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, “ஆர்கெஸ்ட்ராவில் இருக்கீங்களாமே, என்ன வாசிக்கிறீங்க?” என்று யாராவது கேட்பார்கள். வாசிக்கிறதில்லை, தாள் போடுகிறேன் என்பேன். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

மேடையில் எழுபது பேர் உட்கார்ந்திருந்தாலும் முழு இசையும் அச்சான புத்தகம் கண்டக்டர் ஒருவரிடம்தான் இருக்கும். அது ஸ்கோர். மற்றவர்கள் முன்னால் இருப்பது பார்ட். அதில் அவரவர் வாசிக்க வேண்டிய வரி மட்டும் இருக்கும்; சும்மா இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பார், அதாவது எத்தனை தாளச் சுற்று, என்று ஓர் எண் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்பது அதில் தெரியாது. இந்தப் பார்ட்களை வரவழைத்து, பிழை பார்த்து, வில் மேலே போகிறதா கீழே வருகிறதா என்ற குறிகளை எல்லா வயலின் தாள்களிலும் ஒரே மாதிரி எழுதி, ஸ்டாண்டில் வைத்து, கச்சேரி முடிந்ததும் பொறுக்கி எண்ணி, அழித்து அடுக்குகிறவன் லைப்ரேரியன். 1998 ஆகஸ்ட் 17 அன்று கோலாலம்பூர் கே.எல்.சி.சி. இரட்டைக் கோபுரத்தின் அடியில் திறந்த தேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் போன்ற இடத்தில், மலேசிய ஃபில்ஹார்மோனிக் மாதிரி முழுநேரக் குழுவுக்கு, இது சம்பள வேலை. எனக்கு இது சாயங்கால வேலை. பகலில் அச்சகம்.

அச்சகம்தான் என்னை இதில் கொண்டுவந்து விட்டது. நான் அதே கோலாலம்பூரின் சாலாக் செலாத்தான்காரன். பள்ளிப் பேண்டில் யூஃபோனியம் ஊதினேன்; நொட்டேஷன் படிக்க அங்கே பழகினேன். பிறகு ஊதுவது நின்றுபோய், மையும் காகிதமும் வாழ்க்கையாகிவிட்டது. அமெச்சூர் குழுக்களுக்குத் தாள் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தவன், அப்படியே உள்ளே போய்விட்டேன். நொட்டேஷனும் தெரிந்து பைண்டிங்கும் தெரிந்த ஆள் இந்த ஊரில் அதிகம் இல்லை. அதனால் யாரும் என்னைத் துரத்தவும் இல்லை.

கோவிட்டுக்கு முந்திய ஓர் ஆண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றும் ஒரு கொயரும் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் எழுதிய இசையை மட்டும் வைத்து ஒரு கச்சேரி செய்தார்கள். கொயரில் பாதிப் பேர் கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்ச் சபைகளில் பாடிப் பழகியவர்கள். மீதி சீனப் பிள்ளைகள், கல்லூரி மாணவிகள், எங்கிருந்தோ வந்து சேர்ந்த இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள். வீட்டில் சொன்னதும், “கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும்னா ராஜா சார் திருவாசகம் மாதிரியா?” என்று தம்பி கேட்டான். 2005இல் வந்த இளையராஜாவின் அந்த இறுவட்டு எங்கள் வீட்டில் தேய்ந்து போனது. கிட்டத்தட்ட அந்த அளவுக் கூட்டம்தான், ஆனால் மைக் கிடையாது என்றேன். நம்பவில்லை.

எல்லாருக்கும் முதலில் பிடித்த யோசனை கார்ல் ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’. அது 1930களில் எழுதியது. காலமும் ஒத்துவராது, காசும் ஒத்துவராது. மலேசியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டு முடியும்வரை உரிமை இருக்கும். ஓர்ஃப் இறந்தது 1982. அதன் பார்ட்களைப் பதிப்பகத்திடம் வாடகைக்குத்தான் எடுக்க முடியும். வாடகை வெள்ளிக்கணக்கைப் பார்த்த பொருளாளர் தண்ணீர் குடித்தார். ஸ்ட்ராவின்ஸ்கி 1971இல் இறந்தவர், அப்போது அவரும் இன்னும் பூட்டுக்குள்தான் இருந்தார். குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1934இல் போய்விட்டார், வான் வில்லியம்ஸ் 1958இல். இரண்டு பேரும் நெருங்கிய நண்பர்கள், இரண்டு பேரும் உரிமை தீர்ந்தவர்கள். ஆக வான் வில்லியம்ஸ் 1907இல் லீட்ஸ் விழாவில் அரங்கேற்றிய ‘டுவர்ட் தி அன்னோன் ரீஜன்’, ஹோல்ஸ்டின் ரிக்வேதப் பாடல்களில் ஒரு தொகுதி, இடைவேளைக்குப் பிறகு ஹோல்ஸ்டின் ‘பிளானட்ஸ்’ என்று முடிவானது. கலை ரசனையால் முடிவெடுத்ததாக நிகழ்ச்சிநிரலில் அச்சிட்டார்கள். அச்சிட்டவன் நான்.

ரிக்வேதம் என்றதும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஹோல்ஸ்ட் லண்டனில் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியார். கிடைத்த மொழிபெயர்ப்புகள் எதுவும் பாடுவதற்குத் தோதாக இல்லை என்று சமஸ்கிருத வகுப்புக்குப் போனார். அகராதியை வைத்துக்கொண்டு தானே வரி வரியாக ஆங்கிலத்தில் ஆக்கி, 1908க்கும் 1912க்கும் நடுவில் நான்கு தொகுதிகளாக இசையமைத்தார். நாங்கள் எடுத்தது மூன்றாவது தொகுதி. பெண்குரல்களும் ஒரே ஒரு ஹார்ப்பும் மட்டும். விடியலுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, பனியினூடே எழும் சூரியனுக்கு ஒன்று, வழிப்போக்கர்களுக்கு ஒன்று. இதில் ராகத்தைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அவர் நம் இசையை நகலெடுக்கப் பார்க்கவே இல்லை. எனக்கு அது பிடித்தது. கிழக்கத்திய மணம் என்று சொல்லி ஒரு பாம்பாட்டிக் குழலைச் செருகாமல் விட்டாரே, அதுவே பெரிய மரியாதை.

சரி, தாளுக்கு வருகிறேன். உரிமை தீர்ந்த பழைய அச்சுகளின் ஸ்கேன் சுலபமாகக் கிடைக்கும். அதை அப்படியே போட்டோஸ்டாட் கடையில் ஏ4இல் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆர்கெஸ்ட்ரா பார்ட் ஏ4ஐவிடப் பெரியது. ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு வயலின்காரர்கள், கண்ணுக்கும் தாளுக்கும் நடுவில் முழங்கை நீளத்துக்கு மேல் தூரம். சுருக்கி அடித்தால் ஐம்பது வயதுக்காரருக்குப் புள்ளி எது, தூசி எது என்று தெரியாது. நான் ஏ3ஐவிடப் பெரிய தாளை மடித்து நடுவில் பின் அடிப்பேன். பளபளப்பில்லாத, லேசாக மஞ்சள் ஓடிய, கொஞ்சம் கனமான தாள். வெள்ளைவெளேர் தாள் ஸ்டாண்ட் விளக்கில் கண்ணைக் கூசவைக்கும். நம் ஊர் ஈரத்துக்கு மெல்லிய தாள் சுருண்டுகொள்ளும். குளிரூட்டி நேராக அடிக்கும் இடத்தில் தானாகவே பக்கம் புரளும். பழைய அச்சில் பக்கம் திருப்புகிற இடம் அநேகமாக வாசித்துக்கொண்டிருக்கிற இடமாக இருக்கும். அதை வெட்டி, ஓய்வு வருகிற பாரில் பக்கம் முடிகிற மாதிரி மாற்றி ஒட்ட வேண்டும். சாலாக் செலாத்தான் வீட்டு ஹாலில் பாய் விரித்து இந்த வேலையைச் செய்யும்போது காற்றாடியை நிறுத்திவிடுவேன். மற்றவர்கள் வேறு அறைக்குப் போய்விடுவார்கள்.

நாங்கள் எடுத்த அந்த இருபது ஆண்டு இசையை அமெச்சூர்கள் தொடப் பயப்படுவதற்கு முதல் காரணம் அதன் வாத்தியப் பட்டியல். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா வீங்கிக்கொண்டே போனது. ‘பிளானட்ஸ்’ கேட்பது நான்கு புல்லாங்குழல், ஆறு கொம்பு, நான்கு டிரம்பெட், இரண்டு ஹார்ப், ஆறு டிம்பனி, செலஸ்டா, பைப் ஆர்கன். அதற்கு மேல் பாஸ் ஓபோ என்று ஒன்று. நான் விசாரித்த இடங்களில் எல்லாம் அதைக் கேட்டு எதிரில் இருப்பவர் சிரித்தார். டெனர் டியூபா என்று எழுதியிருப்பதை மட்டும் நாங்கள் கவலைப்படாமல் தாண்டினோம். அதை யூஃபோனியத்தில் வாசிக்கலாம். பள்ளிப் பேண்டு, போலீஸ் பேண்டு, ராணுவப் பேண்டு என்று இந்த நாட்டில் யூஃபோனியத்துக்குப் பஞ்சமில்லை. ஹார்ப் ஒன்றுதான் கிடைத்தது. இரண்டாவது ஹார்ப்பின் வரியில் முதலாவதோடு ஒட்டாத இடங்களைப் பிரித்து மின்பியானோவுக்கு ஒரு பார்ட் எழுதினேன். பாஸ் ஓபோ வரிகளைப் பாஸ் கிளாரினெட்டுக்கும் பசூனுக்கும் பங்கு போட்டேன். பாஸ் கிளாரினெட் வாசிப்பவர் பார்ட்டில் ஏற்கெனவே அவர் வரி ஓடுகிறது. இரண்டும் மோதும் இடத்தில் எது கேட்க வேண்டும், எது போனால் போகட்டும் என்று முடிவெடுக்க வேண்டும். அது கண்டக்டர் வேலை என்பார்கள். கண்டக்டருக்குப் பகலில் பல் மருத்துவமனை இருக்கிறது. நான் முடிவெடுத்துப் பென்சிலில் எழுதி, அவரிடம் காட்டி, ஆமாம் வாங்கிக்கொண்டேன்.

‘பிளானட்ஸ்’இல் முதல் கிரகம் செவ்வாய். தொடக்கத்தில் வயலின்காரர்கள் வில்லின் முடியால் அல்ல, மரத்தால் தந்தியைத் தட்ட வேண்டும். நல்ல வில் ஆயிரக்கணக்கான வெள்ளி. அதைத் தந்தியில் தட்டிச் சிராய்ப்பு வாங்க யாருக்கு மனசு வரும்? சிலர் இரண்டாவதாக ஒரு மலிவு வில் கொண்டுவருவார்கள், சிலர் பென்சிலால் தட்டுவார்கள். ஒத்திகைக்கு நான் வாங்கி வைத்த பென்சில்கள் அந்த வாரம் வேகமாகக் காலியானதன் காரணம் இதுதான். ஸ்கோரில் எழுதாத இந்த வாத்தியத்தையும் லைப்ரேரியன்தான் சப்ளை செய்கிறான்.

செவ்வாயின் தாளம் ஐந்து எண்ணிக்கை. அந்த ஐந்தில் பலர் தடுக்கி விழுந்தார்கள். டிம்பனி வாசித்த பையன் பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் மிருதங்கம் படித்தவன். கண்டக்டர் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் தொடையைத் தட்டி, “தகிட தா தா தக தா” என்றான். முதல் எண்ணிக்கையில் மூன்று, பிறகு ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. இதைவிடத் தெளிவாக அதைச் சொல்லவே முடியாது. செல்லோ வாசித்த சீனப் பெண் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அடுத்த ஒத்திகையில் தாள்களை அடுக்கும்போது பார்க்கிறேன், செல்லோ பார்ட்டின் மேலே ரோமன் எழுத்தில் அந்தச் சொற்கட்டு.

கொயரின் வேதனை வேறு. அங்கே மூத்தவர்கள் பலர் ஐந்து கோட்டு நொட்டேஷனைவிட டோனிக் சோல்ஃபாவில் வல்லவர்கள். ஜான் கர்வன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. மிஷனரிகளோடு வந்து தமிழ்ச் சபைகளில் ஊறிவிட்டது. அதில் ‘டோ’ எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து அளந்து பாடிவிடலாம். நமக்கு ஆதார ஷட்ஜம் எப்படியோ அப்படி. வான் வில்லியம்ஸ் அவர்களைப் பயமுறுத்தவில்லை. அவர் எங்கே சுற்றினாலும் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார். கடைசிக் கிரகமான நெப்டியூனில்தான் சிக்கல். அதில் மேடையில் இல்லாத இரண்டு பெண்குரல் கொயர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பங்கு, ஆக ஆறு வரி. சொற்கள் இல்லை, வெறும் அகாரம். கிள்ளானிலிருந்து வரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஆல்டோ, தாளை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, இதிலே டோ எங்கே இருக்கு?”

“டீச்சர், இல்லைன்னு நினைக்கிறேன்.”

“இல்லாம எப்படிப் பாடுறது?”

நியாயமான கேள்வி. நெப்டியூனில் ஹோல்ஸ்ட் ஈ மைனரையும் ஜி ஷார்ப் மைனரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார். இரண்டில் எது வீடு என்று காது தீர்மானிப்பதற்குள் இரண்டும் நகர்ந்துவிடும். அந்த இருபது ஆண்டுகளில் டெபுஸி, ராவெல், ஸ்ட்ராவின்ஸ்கி என்று பலரும் இதைத்தான் விதவிதமாகச் செய்துகொண்டிருந்தார்கள், ஆதாரத்தைத் தளர்த்துவது. வாத்தியக்காரருக்கு இது பெரிய தொல்லை இல்லை. விரலை வைக்க ஓர் இடம் இருக்கிறது. பாடுகிறவருக்கு விரல் கிடையாது. ஆதாரம் போனால் எல்லாம் போச்சு. அதோடு, அச்சான கோரஸ் தாளில் இவர்கள் வரி மட்டும்தான். வாயைத் திறக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் நீளமான ஓய்வு, எண்கள் மட்டும். ஒரு நடைபாதையில் நின்றுகொண்டு, கண்டக்டரை நேரில் பார்க்காமல், எண்களை எண்ணி, எங்கிருந்தோ ஒரு சுரத்தைப் பிடித்து மெல்லப் பாட வேண்டும்.

நான் ஒரு தாள் செய்தேன். ஆறு வரிக்கும் ஆறு தாள். ஓய்வு பார்களில் எண்ணுக்குப் பதிலாக, அந்த நேரத்தில் மேடையில் கேட்கிற ஹார்ப், செலஸ்டா வரிகளைச் சின்னப் புள்ளிகளாகப் போட்டேன். எங்களிடம் செலஸ்டாவும் கீபோர்டில்தான். நுழைகிற இடத்துக்கு முன்னால், உங்கள் சுரம் இப்போது எந்த வாத்தியத்தில் ஒலிக்கிறது என்று அம்புக்குறி. எந்த வாத்தியத்திலும் ஒலிக்காவிட்டால், பக்கத்து வரிக்காரியிடமிருந்து எத்தனை படி தள்ளி என்று. ஆர்கெஸ்ட்ரா பார்ட்களில் இந்த மாதிரிக் குறிப்புகள் வழக்கமாக இருக்கும். கோரஸுக்கு மட்டும் யாரும் போடுவதில்லை. பாடுகிறவர்கள் ஸ்கோரைப் பார்த்துப் பாடட்டும் என்பார்கள். நடைபாதை இருட்டில் தலையணை கனத்துக்கு ஒரு ஸ்கோரைப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது?

இந்த இசையைத் தாளாக்கியவர்களையும் சொல்ல வேண்டும். ஹோல்ஸ்டின் வலது கையில் நரம்புக் கோளாறு. பேனா பிடித்தால் வலி. அவர் சொல்லச் சொல்ல எழுதியவர்கள் வேலி லாஸ்கர், நோரா டே என்று பள்ளியில் அவரோடு வேலை பார்த்த இரண்டு ஆசிரியைகள். ஜேன் ஜோசப் என்ற பழைய மாணவியும் கைகொடுத்தார். 1918 செப்டம்பர் 29இல், போர் இன்னும் முடியாத நேரம், பால்ஃபர் கார்டினர் என்ற நண்பர் தன் செலவில் ஹோல்ஸ்டுக்குப் பரிசாக லண்டன் குவீன்ஸ் ஹாலை ஒரு காலைக்கு எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் ஏட்ரியன் போல்ட். குறுகிய அவகாசத்தில் அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் பார்ட் எழுதி முடித்தார்கள். வாத்தியக்காரர்கள் அன்று காலைதான் தாளைப் பார்த்தார்கள் என்று சொல்லலாம். எழுதிய அந்தக் கைகள் இல்லாமல் அது நடந்திருக்காது. நெப்டியூன் பாடியதும் ஹோல்ஸ்டின் மாணவிகள்தான். வியாழன் வாசித்தபோது நடைபாதையில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஆடினார்கள் என்று மகள் இமோஜன் ஹோல்ஸ்ட் எழுதியிருக்கிறார். இந்த இசையைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.

எங்கள் நடைபாதைக்கு வருவோம். ஸ்கோரில் ஹோல்ஸ்ட் தெளிவாக எழுதியிருக்கிறார்: பாடகிகள் பக்கத்து அறையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், கடைசி பார் வரும்போது அதை மெதுவாக, சத்தமின்றி மூட வேண்டும், ஒலி தொலைவில் கரையும்வரை அந்த ஒரு பாரைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். அதற்குள் ஆர்கெஸ்ட்ரா நின்றிருக்கும். பின்னால் வந்த எத்தனையோ சினிமாப் பாட்டுகள் சத்தம் குறைந்துகொண்டே போய் முடிகின்றனவே, அதை ரெக்கார்டிங் வசதி இல்லாமல் ஒரு கதவை வைத்துச் செய்தவர் இவர்.

எங்கள் மண்டபத்தில் மேடையோரக் கதவு தீத்தடுப்புக் கதவு. தானாக மூடிக்கொள்ளும், கடைசியில் ‘டம்’ என்று. அதைக் கட்டை கொடுத்துத் திறந்து வைக்கக் கூடாது என்று மண்டபத்தில் சொல்லிவிட்டார்கள், சரியான விதிதான். ஆக ஆள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். கீலுக்கு எண்ணெய் விட்டோம், தாழ்ப்பாள் நாக்கின் மேல் துணிப் பட்டை ஒட்டினோம். கதவுக்கு அப்பால் குளிரூட்டி இயந்திரத்தின் முனகல் வேறு. அதன் சுரம் பாடகிகள் பிடிக்க வேண்டிய சுரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் தங்களையறியாமல் அதில் இறங்கிவிடுவார்கள். காவலாளி, நேப்பாளக்காரர், நிலைமையைப் புரிந்துகொண்டு அதை அந்த ஏழு எட்டு நிமிஷத்துக்கு மட்டும் நிறுத்திவைக்க ஒத்துக்கொண்டார்.

கண்டக்டரைக் காட்ட முதலில் டிஜிட்டல் கேமராவும் டிவியும் வைத்துப் பார்த்தோம். படம் கண்ணிமைக்கும் நேரம் பிந்தி வந்தது. இசைக்கு அது ரொம்பப் பிந்தல். ஒலியே முப்பத்து நான்கு மீட்டர் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும்; அதோடு இதுவும் சேர்ந்தால் கொயர் அடுத்த ஊரிலிருந்து பாடுவதுபோல் இருக்கும். பழைய கண்காணிப்புக் கேமரா ஒன்றை நீளக் கம்பியில் நேராகப் பழைய டிவியில் மாட்டினோம். கறுப்பு வெள்ளைதான், ஆனால் தாமதமில்லை. உதவிக் கண்டக்டர் அதைப் பார்த்து, கொஞ்சம் முந்தியே கை அசைத்தார்.

கடைசி ஒத்திகையில், மஃரிப் தொழுகை இடைவேளை முடிந்து எல்லாரும் வந்து நின்ற பிறகு, எங்கேயோ ‘சில்’ என்று ஒரு சத்தம். ட்ரையாங்கிள் என்று கண்டக்டர் நினைத்து மேடையில் இருந்தவரைத் திட்டினார். ட்ரையாங்கிள் அல்ல. கல்லூரிப் பெண் ஒருத்தியின் கொலுசு. கச்சேரியன்று நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்தேன். வளையல், கொலுசு, தொங்கட்டான், செருப்புகூட வெளியே. டீச்சர் இரண்டு கைத் தங்க வளையலையும் சோப்புப் போட்டுக் கழற்றி, டப்பாவில் போடாமல் கைப்பையில் வைத்துப் பூட்டினார். சொந்தமாக அடகுக்கடை வைத்திருப்பவர்கூட அவ்வளவு கவனமாகப் பூட்டமாட்டார்.

அன்று நெப்டியூன் வரும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. ‘பிளானட்ஸ்’ தொடங்கியதிலிருந்து நாற்பது நிமிஷத்துக்கு மேல் அந்தப் பெண்கள் சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். வெந்நீர் ஃபிளாஸ்க் கைமாறிக்கொண்டிருந்தது. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்; லைப்ரேரியன் ஏன் என்றால், கடைசி பாரை எத்தனாவது முறை பாடுகிறார்கள் என்று தாள் பார்க்காமல் சொல்லக்கூடிய ஆள் நான்தான். நுழைகிற இடத்தில் முதல் சோப்ரானோக்கள் சுத்தமாகப் பிடித்தார்கள். ஆல்டோ ஒரு நூலிழை கீழே தொடங்கி இரண்டாவது பாரில் ஏறிக்கொண்டது. கதவை மூடும்போது கை வலித்தது. தீத்தடுப்புக் கதவின் கனம் தாளில் எழுதியிருக்காது. உள்ளே கைதட்டல் தொடங்கியது எங்களுக்குக் கேட்கவில்லை, கதவு அவ்வளவு நன்றாக மூடியிருந்தது. பழைய டிவியில் கண்டக்டர் திரும்பிக் குனிவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

பிறகு என் உண்மையான வேலை. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது தாள்களை அள்ள வேண்டும். ஸ்டாண்ட் வரிசைப்படி எடுத்தால்தான் எது குறைகிறது என்று உடனே தெரியும். கொயர் தாள்கள்தான் எப்போதும் குறையும், ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்கிறார்கள். வந்தவற்றில் உதட்டுச்சாயம், காப்பிக் கறை, கண்டக்டரைப் பற்றிய அபிப்பிராயங்கள். பென்சிலில் எழுதியிருந்தால் ரப்பர் போதும். பேனாவில் எழுதியவர்களை எனக்குக் கையெழுத்து வைத்தே தெரியும்.

டீச்சர் தன் நெப்டியூன் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் போட்ட அம்புக்குறிகளுக்கு மேலே, இரண்டு பாருக்கு ஒரு தடவை புதிதாக ஒரு டோ குறித்து, அதன்படி தன் வரி முழுவதையும் சோல்ஃபாவில் எழுதியிருந்தார். அவர் எடுத்த டோக்கள் எந்த இசைக்கோட்பாட்டுப் புத்தகத்துக்கும் ஒத்துவராது. ஓர் இடத்தில் ஹார்ப்பின் சுரம் டோ, அடுத்த இடத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணின் சுரம் டோ. பாடுவதற்கு ஒத்துவந்தது, ஏனென்றால் பாடினார்.

அதை அழிப்பதற்கு முன் ஒரு போட்டோஸ்டாட் எடுத்தேன். மற்ற ஐந்து வரிக்கும் அதே மாதிரி எழுதித் தரச் சொல்லி அவர் வீட்டுக்குத் தாள்களை அனுப்பினேன்; இரண்டு வரிகளில் எனக்கும் அவருக்கும் போனில் சண்டை. இப்போது அந்தத் தொகுப்பை யாராவது கேட்டால் அம்புக்குறி போட்டது ஒன்று, சோல்ஃபா போட்டது ஒன்று என்று இரண்டு கட்டாக அடித்துக் கொடுக்கிறேன். தாள் செலவு மட்டும் வாங்குவேன். ஏ4இல் சுருக்கிக் கேட்பவர்களுக்குக் கொடுப்பதில்லை.